கராஜுக்கு வந்தால் கழலாத கியர்

எந்நேரமும் பழுதாயிருக்கிற வண்டியை யாரும் திருத்திவிடலாம். நினைத்தால் பழுதாகி, நினைத்தால் நல்லாகிவிடுகிற வண்டிதான் மெக்கானிக்கின் சோற்றில் மண் போடும்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இறங்குகிற சந்தில் காசிம் முதலாளியின் கராஜ் இருந்தது. அங்கே பல வருஷம் வேலை பார்த்தேன். வேலை தெரிந்தவனை எங்கள் பக்கத்தில் 'பாஸ்' என்பார்கள். என்னையும் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள், என் சொந்தப் பெயர் எனக்கே மறந்துபோகிற அளவுக்கு. கராஜுக்குப் பின்னால் தகரம் அடித்த ஓர் அறை. சமையல், படுக்கை எல்லாம் அதில்தான். பெண்சாதி பிள்ளை கிடையாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், அதனால் எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, முதுகில் ஈரம் ஏற, மேலே நிற்கிறவன் "இன்னும் முடியலையா?" என்று கேட்பதைக் கேட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

வெள்ளிக்கிழமைக் கிளச்

கினிகத்தேனையில் பாண் பேக்கரி வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் தன் வேனைக் கொண்டுவந்தார். கிளச் வழுக்குகிறது, ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி ஏறமாட்டேன் என்கிறது, கருகின வாடை வேறு என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன். ஆடு மாதிரி ஏறியது. ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். மறு வாரமும் வந்தார், மறுபடியும் ஒன்றுமில்லை. எந்த நாளில் இப்படி ஆகிறது என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை என்றார். வண்டிக்குக் கிழமை தெரியுமா என்று எங்கள் முதலாளி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நானாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மற்ற நாளில் அந்த வேனை ஓட்டுகிறவன் வெறுங்காலோடு ஓட்டுகிற ஆள். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, நானாவே ஓட்டுவார். பள்ளிவாசலுக்குப் போகிற நாள் என்பதால் காலில் பளபளவென்று சப்பாத்து. வட்டவளை தாண்டுகிற வரைக்கும் அந்த இடது சப்பாத்து கிளச் மிதியைவிட்டு இறங்கவே இல்லை. கிளச் பாதி மிதிபட்டபடியே தேய்ந்து கருகிக்கொண்டு வந்தது. காலைக் கீழே வைக்கச் சொன்னேன். வைத்தார், வண்டி ஏறியது. நான் வாய் திறக்கும் முன்னால் அவரே சொன்னார்: "கால சும்மா வச்சிக்கிட்டு இருக்கத் தெரியாத மனுசன்னு எங்க வீட்டுல அப்பவே சொன்னா, இப்ப வண்டியும் சொல்லுது."

குளிப்பாட்டிக் கொண்டுவந்த வேன்

ராகலையில் ஒரு மரக்கறி வியாபாரி, ராமசாமி என்று பெயர். லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றுகிற வேன் வைத்திருந்தார். சில நேரம் கியர் விழாது, கறகறவென்று பல்லைக் கடிக்கும் என்று இத்தனை தூரம் வருவார். வரும்போது வேன் கழுவித் துடைத்து, உள்ளே பெருக்கி, முன்கண்ணாடியில் சந்தனப் பொட்டோடு வரும். அதில் பழுதே இருக்காது. ஒரு முறை கியர்பெட்டியை முழுதாக இறக்கிப் பிரித்து, பார்த்துவிட்டு, திரும்ப மாட்டினேன். ஒரு நாள் முழுவதும் வீணாய்ப் போனது. அந்த ஆளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

பிறகு ஒரு மழை நாளில் ஏதோ சாமான் வாங்க நுவரெலியாவுக்குப் போயிருந்தேன். அவர் சந்தையிலிருந்து புறப்படுகிறார், வாங்க பாஸ், பாதி வழி விடுறேன் என்றார். ஏறினேன். சந்தை முனையிலேயே கியர் பல்லைக் கடித்தது. குனிந்து மிதிக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். சாக்கிலிருந்து உருண்டு வந்த உருளைக்கிழங்கு ஒன்று கிளச் மிதிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. மிதி முழுதாக இறங்காவிட்டால் கியர் எப்படி விழும்? கிழங்கை வெளியே எறிந்தேன், கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. கூட்டிப் பெருக்காமல் இருக்கிறபடியே கொண்டுவந்திருந்தால் முதல் நாளே பார்த்திருப்பேனே என்று சத்தம் போட்டேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "என்னங்க பாஸ், ஆஸ்பத்திரிக்குப் போறவன் அழுக்கு வேட்டியோடயா போவான்?"

பச்சை வேன்

இனி எழுதப்போவது எல்லாம் ஒரே வண்டியைப் பற்றித்தான். லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பச்சை வேன். தபால், ஆஸ்பத்திரி மருந்து, ஃபாக்டரிக்கு வேண்டிய இரும்புச் சாமான் என்று எல்லாவற்றையும் சுமக்கும். அதன் வியாதி இது: இறக்கத்தில் மூன்றாம் கியரில் வந்துகொண்டிருக்கும்போது கியர் தானாகக் கழன்று நடுவில் வந்து நிற்கும். மலை இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிப்பதே கியர்தான். அது கழன்றால் வண்டி கட்டவிழ்த்த மாடு மாதிரி ஓடும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். ஆனால் எப்போதும் கழலாது, எப்போதாவதுதான்.

அதை ஓட்டிவந்தவன் என் தம்பி வேலு. அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு அவன் பேரில். எங்கள் அப்பா அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், செத்தபோது எனக்குச் சேதி சொல்லி அனுப்பியதாகச் சொன்னான். யாரிடம்? ஒரு பஸ் கண்டக்டரிடம், வாய்வார்த்தையாக. அந்தக் கண்டக்டர் என்னிடம் வந்து சொன்னது மறுநாள். நான் போய்ச் சேர்ந்தபோது புதைத்த மேட்டின்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. மூத்தவன் போட வேண்டிய முதல் மண்ணை இளையவன் போட்டிருந்தான். சரி, அப்பா போர்த்திக்கொண்டு காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்குப் போவாரே, அந்தக் கறுப்புக் கம்பளியையாவது கொடு என்று கேட்டேன். அதைக் குழிக்குள்ளேயே போட்டுவிட்டோம் என்றான். இந்தத் தோட்டத்து மண்ணை இனி மிதிக்கமாட்டேன் என்று அவன் பெண்சாதிக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு நடந்தேன்.

சில வருஷம் கழித்து அவனை நான் பார்த்தது இந்த வேன் கராஜுக்கு வந்த அன்றுதான். டிரைவர் ஆகியிருந்தான். என்னைத் தாண்டிப் போய் முதலாளியிடம் பழுதைச் சொன்னான். நான் மூன்று அடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேனை வாங்கி ஓட்டிப் பார்த்தேன், கியர் கழலவில்லை. சாவியை அவன் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தேன். எங்கள் கராஜில் தகர வேலை பார்த்த சோமபால சிங்களவன், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவான். வேன் போன பிறகு என்னிடம் வந்து காதோடு சொன்னான்: "பாஸ், அந்த வேன் கியர் நல்லம். அண்ணன் தம்பிக்குத்தான் கிளச் இல்ல, அதுதான் ஒண்டும் விழறதில்ல."

ஒயிலும் ஸ்பிரிங்கும்

அடுத்த மாதம் வேன் மறுபடியும் வந்தது. காலையில்தான் கழலுகிறது, வெயில் ஏறிவிட்டால் கழலுவதில்லை என்று முதலாளியிடம் சொன்னான். குளிரில் கியர்பெட்டி ஒயில் கெட்டியாகிறது என்று நினைத்து ஒயிலை மாற்றினேன். வேன் போய், அதற்கடுத்த மாதம் திரும்பி வந்தது. கியரைப் பிடித்து நிறுத்துகிற சின்ன ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று நினைத்துப் புது ஸ்பிரிங் போட்டேன். போய், திரும்பி வந்தது. கியர்பெட்டி உட்கார்ந்திருக்கிற ரப்பரை மாற்றினேன். அதுவும் வீண். நீங்களும் இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போயிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் இதுதான் என்று மனம் அடித்துச் சொல்லும்.

கல் மூட்டை ஏற்றிக்கொண்டு தனியாக ஓட்டிப் பார்த்தேன். கொட்டகலை வரை, பிறகு தலவாக்கலை வரை, ஏறி இறங்கி, ஏறி இறங்கி. பக்கத்தில் யாருமில்லை. கியர் தண்டைப் பார்த்து, கழலு, இப்பக் கழலு என்று கெஞ்சினேன். அது அசையவில்லை. வேனுக்குள் எங்கள் லயத்து வாடை அடித்தது, அடுப்புப் புகையும் வெற்றிலையும் ஈரத் துணியும் சேர்ந்த வாடை. இருக்கை இடுக்கில் ஒரு சின்னப் பெண்ணின் ரிப்பன் கிடந்தது. வேலுவுக்குப் பெண் பிள்ளை இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெயர் தெரியாது. கியர் தண்டு தரையில் நுழைகிற இடத்தில் இருக்க வேண்டிய ரப்பர் உறை நைந்து உதிர்ந்துவிட்டிருந்தது; அந்த ஓட்டை வழியே காற்று காலில் ஊசியாகக் குத்தியது. காற்று பழுதில் சேராது, அதனால் விட்டுவிட்டேன்.

பொழுது சாய்ந்து திரும்பினேன். முதலாளி வாசலில் நின்றார். "பழுதத் தேடிப் போனியா, இல்ல ஊரச் சுத்திப் பாத்துட்டு வாரியா?"

முதலாளி வாயால்

முதலாளி நடுவில் நின்று பேசியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கழலும்போது கை எங்கே இருந்தது என்று கேளுங்கள் என்பேன். முதலாளி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, கை எங்கடா இருந்திச்சு என்பார். ஸ்டீரிங்கில் இருந்தது என்று சொல்லுங்கள் என்பான் அவன். எனக்கு அது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் முதலாளி திரும்பவும் எனக்குச் சொல்லும்வரை காத்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து போனால் பழுது தானே வெளியே வரும் என்று கினிகத்தேனை நானாவிடமே கற்றிருந்தேன். ஆனால் வேலுவின் பக்கத்தில் நான் எப்படி உட்காருவது?

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் தோட்டத்துப் பெரிய கிளாக்கரும் வேனில் வந்து இறங்கினார். அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அப்பா இருந்த காலத்தில், இந்த வேன் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னாலேயே, டிரைவர் வேலை எனக்கென்று பேசி வைத்திருந்தார்கள். கடைசியில் என்னை விட்டுத் தம்பியைப் போட்டது இவர்தான். அவர் சொன்ன சேதி: கராஜில் பழுதே இல்லை என்கிறார்கள், டிரைவர் இருக்கிறது என்கிறான், அப்படியானால் டிரைவர் குடிக்கிறான் என்று தோட்டத்தை நடத்துகிற தொரை முடிவு பண்ணிவிட்டார். இன்னொரு தரம் கியர் கழன்றது என்று வாயைத் திறந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை போனால் லயத்துக் காம்பராவும், குடியிருக்கிற அந்த ஒற்றை அறையும், போகும். பெண்சாதி பிள்ளைகளோடு வேலு எங்கே போவான்? எங்களுக்கு ஊர் என்று ஒன்று கடலுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அவன் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் குடிக்கிறவன் இல்லை. அவன் மேல் எனக்கு ஆயிரம் கோபம் இருந்தாலும் அது பொய். வண்டியில் பழுது இருக்கிறது, எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான் என்று கிளாக்கரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன மாசம் பழுது இல்லைன்னு சொன்னதும் நீ, இப்ப இருக்குன்னு சொல்றதும் நீ. அண்ணனும் தம்பியும் கூடிப் பேசிக்கிட்டுத் தொரைய ஏமாத்துறீங்களா?"

டாக்டர் ஐயாவின் யோசனை

அந்தத் தோட்டத்து மருந்துச் சாலையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வேலை பார்த்தார். உண்மையில் டாக்டர் இல்லை, ஆனால் எல்லோருக்கும் அவர் டாக்டர் ஐயாதான். மருந்து எடுக்க ஹட்டனுக்கு வரும்போதெல்லாம் வேலுவின் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். வேன் கராஜில் நிற்கும் நேரத்தில் பழைய டயர் ஒன்றின்மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்திருப்பார். கிளாக்கர் வந்த அன்றைக்கும் இருந்தார், முதலாளி நடுவில் நின்று கேள்வி கேட்பதை முழுவதும் பார்த்திருக்கிறார்.

வேலு தேத்தண்ணி குடிக்கப் போனதும் என்னைக் கூப்பிட்டார். பனி மூடின காலையில் புறப்பட்டால் கட்டாயம் கழலுகிறது என்றும், இரண்டு முறை தான் செத்துப் பிழைத்ததாகவும் சொன்னார். நான் ஒயில் மாற்றியது, ஸ்பிரிங் மாற்றியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, கைக்குட்டையை உதறி மடித்தார். "எனக்கு உம்மட கியரும் தெரியாது, கிளச்சும் தெரியாது. ஆனா நோயாளியைப் பக்கத்து வீட்டுக்காரனிட்டை விசாரிச்சு நான் ஒருநாளும் மருந்து குடுத்ததில்லை, காணும்."

மதகடியில்

அதற்கு அடுத்த மாதம் வேன் வரும் நாளன்று காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். தலவாக்கலைக்கு இந்தப் பக்கம், இறக்கம் தொடங்குகிற இடத்தில் ஒரு மதகு இருக்கிறது, அங்கே இறங்கி நின்றேன். தோட்டத்து மண்ணை மிதிப்பதில்லை என்று சொன்னவன் நான், சொன்னது சொன்னதுதான். ரோடு தோட்டத்து மண் இல்லை, அது கவர்மெண்டுடையது. பனி தேயிலைச் செடியை மூடி, ரோட்டையும் மூடியிருந்தது. மதகுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இதெல்லாம் வண்டிக்காகத்தான், வேறெதற்கும் இல்லை.

விளக்கு தெரிந்ததும் கையை நீட்டினேன். தம்பி மட்டும் தனியாக வந்திருந்தால் நிறுத்தியிருப்பானோ என்னவோ, டாக்டர் ஐயா நிறுத்தச் சொன்னார். நான் கதவைத் திறந்தபோது வேலு குனிந்து, கியர் தண்டைச் சுற்றி அடைத்திருந்த எதையோ அவசரமாக இழுத்து இருக்கைக்குக் கீழே தள்ளப் பார்த்தான். நான் அதன் ஒரு முனையைப் பிடித்துவிட்டேன்.

கறுப்புக் கம்பளி. முனையில் சிவப்பு நூலால் ஒட்டுப் போட்டது. சின்ன வயதில் நான் அடுப்புக் கங்கைப் போட்டுப் பொசுக்கின ஓட்டை அது, அம்மா உட்கார்ந்து தைத்தது. மழை விழுந்த அந்த மேட்டுக்குக் கீழே கிடக்கிறது என்று இத்தனை வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்த கம்பளி. வேலு என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் முனையை விடவில்லை. ஆனால் அதே நேரத்தில் கண் கியர் தண்டின்மேல் போயிற்று. என்ன செய்வது, தொழில் அப்படி. அத்தனை வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் நான் பேசின முதல் பேச்சு, "அத இருந்த மாதிரியே வையி" என்பதுதான்.

வைத்தான். காற்று வருகிற ஓட்டையைச் சுற்றி, தண்டுக்கு முன்னால் நன்றாகத் திணித்து, மீதியை முழங்கால்மேல் போட்டுக்கொண்டான். நான் டாக்டர் ஐயாவை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இறக்கத்தில் மூன்றாம் கியர் போட்டான். முதல் வளைவு தாண்டியது. இரண்டாம் வளைவில் டக்கென்று தண்டு நடுவுக்கு வந்தது. வேன் தலை தெறிக்க ஓடியது. வேலு பதறவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, மலைப் பக்கத்து மண் கரையில் உராயவிட்டு நிறுத்தினான்.  பிறகு டாக்டர் ஐயா தன் மூக்குக்கண்ணாடியைத் தரையிலிருந்து தேடி எடுத்தார். "என்னை வைச்சோ பரிசோதிச்சுப் பாக்க வேணும்? இனி நான் பஸ்ஸிலதான் வருவன்."

ட்யூப் துண்டு

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்றாம் கியருக்குத் தண்டை முன்னால் தள்ள வேண்டும். முன்னால் கம்பளி திணித்திருந்தால் தண்டு கடைசிவரை போகாது, கியர்ப் பல் பாதிதான் கவ்வும். சமதரையில் அது போதும். இறக்கத்தில், பாரத்தோடு வண்டி பின்னாலிருந்து தள்ளும்போது பாதிக் கவ்வல் விட்டுவிடும். குளிர்ந்த காலையில்தான் கம்பளி வேண்டும், வெயில் வந்தால் வேண்டாம். ஹட்டன் நெருங்கியதும் வேலு அதை மடித்து இருக்கைக்குக் கீழே ஒளித்துவிடுவான் என்று டாக்டர் ஐயா சொன்னார். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லையாம். எனக்கு விளங்கியது. கராஜில் நான் இருந்தேன். ராகலைக்காரர் வண்டியைக் கழுவிக்கொண்டு வந்தார், என் தம்பி என்னைக் கண்டு ஒளித்துக்கொண்டு வந்தான்.

கராஜுக்குப் போய்ப் பழைய ட்யூப் ஒன்றை வெட்டி, தண்டைச் சுற்றிக் கூம்பாகக் கட்டி, ஓட்டையை அடைத்தேன். ஒரு பீடி பிடிக்கிற நேரத்து வேலை. உறை கிழிந்ததால் வந்த பழுது, டிரைவர் பேரில் குற்றம் இல்லை என்று முதலாளியிடம் சொல்லித் தோட்டத்துக்குச் சொல்லச் சொன்னேன். கம்பளியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் வேலை செய்யும்வரை வேலு வேன் படியில் உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் கம்பளியை மடித்து என் முன்னால் நீட்டினான். என் கையெல்லாம் கிரீஸ். கிரீஸ் கையாக இருக்கிறது, அங்கேயே வை என்றேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டானோ, திரும்ப இருக்கைமேல் வைத்தான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகும் முன்னால் எனக்கு நேராகவே சொன்னான்: "குழியில போட மனசு வரலண்ணே. ஒங்களுக்குக் குடுக்கவும் மனசு வரல."

பஸ்ஸில் வந்த பொட்டலம்

கியர் அதற்குப் பிறகு கழலவில்லை. வேலுவின் வேலைக்கும் காம்பராவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு ட்யூப் துண்டுக்கா இத்தனை மாதம் என்று பெரிய கிளாக்கர் கேட்டனுப்பினார். அதை நான் மறக்கவில்லை, அவர் காலமானபோதும் நான் போகவில்லை.

பச்சை வேன் வரும் நாள் எது என்று என் உடம்புக்குப் பழகிப்போயிருந்தது. அந்த நாளில் சந்தில் எந்த வேன் இறங்கினாலும் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்ப்பேன். பாண் வேனாக இருக்கும், அல்லது லொறி. சோமபால பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி தகரத்தைத் தட்டுவான். ஒயில் மாற்றவாவது அந்த வேன் வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஒயில் புதிது, ஸ்பிரிங் புதிது, ரப்பர் புதிது. எல்லாவற்றையும் நானே மாற்றியிருந்தேன். அவன் வராதது அவன் தப்பு. நான் போகலாமே என்று கேட்பீர்கள். ரோடு தோட்டத்து வாசல்வரைதான் கவர்மெண்டுடையது.

மழைக் காலம் தொடங்கியபோது டாக்டர் ஐயா பஸ்ஸில் வந்து இறங்கினார், சொன்ன சொல் தவறாதவர். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். பிரித்தேன். கம்பளியைத் துவைத்து, காயவைத்து, மடித்து அனுப்பியிருந்தான். கிழியத் தொடங்கியிருந்த சிவப்பு ஒட்டைப் புது நூலால் யாரோ திரும்பத் தைத்திருந்தார்கள், அவன் பெண்சாதியாக இருக்கும். இந்தத் தரம் என் கை சுத்தமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன். வேலுவின் மகளுக்குப் பெயர் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், சொல்லச் சொன்னதை மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டார்: "தம்பியார் சொல்லிவிட்டவர், வேனுக்குள்ள இப்ப காத்து வாறேல்லையாம், அண்ணைக்குத்தான் தகர அறையில குளிரும் எண்டு. வேனில ஒரு குறையும் இல்லையாம், இனிக் கராஜுக்கு வரத் தேவையில்லையாம்."

கெட்டிக்கார மெக்கானிக் என்று பெயர் எடுக்க நான் கண்ட வழி ஒன்றுதான்: திரும்பி வருகிறவனை வராமல் பண்ணிக்கொள்வது.